ஜெயிப்பவரைத் தேடிப் பிடிக்கும் கணக்கு

புழல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டேட்டா சயின்ஸ் படித்த என் மகளுக்கு வெளிநாட்டு விளையாட்டுப் பந்தய நிறுவனத்தில் வேலை அமையும் போலிருக்கிறது. அடுத்த மேட்சில் யார் ஜெயிப்பார்கள் என்று கம்ப்யூட்டர் நிஜமாகவே சொல்லிவிடுமா?"

சொல்லாது. நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று டெலிகிராமில் டிப்ஸ் விற்பவர்களை நம்பவே வேண்டாம். எந்த அணிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மட்டுமே கணினி மாடல் சொல்லும். அதைவிடச் சுவாரஸ்யமான வேலை, பந்தயம் கட்டும் ஆளை எடைபோடுவது.

சமபலமுள்ள இரண்டு அணிகளுக்கும் நிறுவனம் 1.90 என்று விலை வைக்கும். ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கைக்கு 1.90 வரும். 1-ஐ 1.90-ஆல் வகுத்தால் அந்த விலை சொல்லும் வாய்ப்பு 52.6 சதவீதம், இரு பக்கமும் கூட்டினால் 105-ஐத் தாண்டுகிறது. அந்த உபரிதான் நிறுவனத்தின் பிழைப்பு. அதையும் மீறி ஜெயிக்கிற கெட்டிக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வெற்றி தோல்வியை எண்ணினால் காலம் போய்விடும். நூற்றுக்கு 55 முறை சரியாகச் சொல்பவருக்கே ரூபாய்க்கு நாலரைப் பைசாதான் மிச்சம். அது திறமையா அதிர்ஷ்டமா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல 1,700-க்கும் மேற்பட்ட பந்தயங்களைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. ஆட்டம் தொடங்கும் நொடியில் நிற்கும் விலையில், அதுவரை வந்த செய்தியும் பணமும் எல்லோருடைய யோசனையும் கலந்திருக்கும். முந்தின நாள் ஒருவர் 2.10-க்குக் கட்டிய அணி, தொடக்கத்தில் 1.90-க்கு இறங்கியிருந்தால் (விலை இறங்கினால் வாய்ப்பு கூடியதாக அர்த்தம்), அவர் விவரமானவர் என்பதற்கு அது ஒரு தடயம். பந்தயத்தில் தோற்றாலும் சரி. ஒருமுறை என்றால் தற்செயல். தொடர்ந்து நடந்தால் சில டஜன் பந்தயங்களிலேயே ஆள் சிக்கிவிடுவார். முடிவையே பார்க்காமல் திறமையை அளக்கிறார்கள்!

உங்கள் பக்கத்துச் செங்குன்றம் அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலையில் கைகாட்டி வாங்கும் மூட்டையெல்லாம் மாலையில் விலை ஏறுகிறது. அவர் சோறு பொங்கி ருசி பார்த்தாரா என்று முதலாளி விசாரிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு அரிசி தெரியும். மறுநாள் முதல் அவருக்கு ஒரு படிக்கு மேல் கிடையாது. கல்லும் குருணையும் பாராமல் அள்ளுகிறவருக்கோ மோர், நாற்காலி, அடுத்த மூட்டைக்குத் தள்ளுபடி, நாலு நாள் வராவிட்டால் வீடு தேடி ஆள். பந்தய உலகில் விவரமானவரின் கணக்குக்கு வரம்பு விழுவதும், தோற்பவருக்கு போனஸ் போவதும் இப்படித்தான்.

வரலாறு கொஞ்சம். ஹாங்காங் குதிரைப் பந்தயத்தில் கணினி மாடலால் பெரும்பணம் பார்த்த பில் பென்டர், பொதுமக்கள் வைத்த விலையையும் மாடலில் சேர்த்தால் கணிப்பு மேம்படுகிறது என்று 1994-லேயே எழுதினார். இங்கே, குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று கிண்டி ரேஸ் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

விலை திடீரென்று விபரீதமாக நகர்ந்தால் மேட்ச் ஃபிக்ஸிங்கை மோப்பம் பிடிக்கவும் நிறுவனத்திடம் உள்ள இதே பந்தயத் தரவு உதவுகிறது. விட்ட பணத்தைப் பிடிக்க நள்ளிரவில் இரட்டிப்பாகக் கட்டுகிறவரையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, நேர்காணலில் உங்கள் மகள் ஒன்றைக் கட்டாயம் கேட்கட்டும்: அப்படிப்பட்டவரின் பெயரை மாடல் கண்டுபிடித்தால், அது யார் மேஜைக்குப் போகிறது? அவரைத் தடுத்து நிறுத்தும் பிரிவுக்கா, போனஸ் அனுப்பும் பிரிவுக்கா?