குரல் கம்மினால் காத்திருக்காதீர்கள்

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் சாலைக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலையையும் பக்கத்திலேயே வைத்திருக்கும் நம் மணலிக்கு இது யாருக்கோ நடந்த சேதி அல்ல. வாயு தாக்கியவரில் யாருக்கு உயிராபத்து என்று கண்டுகொள்ள இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

அமோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் அமோனியா வாயுவை இழுத்துக்கொள்ளும். நம் கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் அது கரைந்து காரமாக மாறித் திசுவை அரிக்கிறது. அரிபட்ட தொண்டை வீங்குகிறது. குரல்வளை குறுகலான இடம். குழந்தைகளுக்கு இன்னும் குறுகல். அங்கே சிறு வீக்கமே மூச்சை அடைத்துவிடும்.

அதனால்தான் குரலைக் கவனிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். குரல் திடீரென்று கம்முவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருவது, இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, நினைவு மங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். கண் எரிந்தால், நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது விடாமல் கழுவுங்கள். வாயு பட்ட உடையைக் கழற்றிவிடுங்கள்.

‘கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்’ என்ற பேச்சுதான் ஆபத்து. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அறிகுறி லேசாக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

நாற்றம் நின்றுவிட்டது என்றும் நிம்மதி அடைய முடியாது. ஆலைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றப் பாதுகாப்புக் கவசமின்றி இறங்குபவரும் அங்கேயே சாய்ந்துவிடுகிறார்.

அபாயகரமான இரசாயனங்களைப் பெருமளவில் கையாளும் ஆலைகள், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுவட்டார மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் விதிகள். உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள ஆலையில் எந்த வாயு இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். அது உங்கள் உரிமை.