கணினித் திரையில் கனசதுரப் புதிர்

கையில் அடங்கும் கனசதுரம் ஒன்று. அதன் ஆறு முகங்களிலும் ஆறு நிறங்கள். திருப்பத் திருப்ப நிறங்கள் கலையும். கலைந்தவற்றை மீண்டும் ஒழுங்காக்குதலே விளையாட்டு. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் வாழ்ந்த எர்னோ ரூபிக் என்பார் 1974ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். 1980 முதல் ரூபிக் கனசதுரம் என்னும் பெயரோடு இஃது உலகெங்கும் பரவிற்று. ஆக்கியவர் கட்டடக்கலை வல்லுநர் மட்டுமல்லர், ஆசிரியருமாவார். இது நம் போன்றோர்க்கு மகிழ்வு தரும் செய்தியன்றோ?

எங்கள் தோட்டப் பள்ளியில் இத்தகைய கனசதுரங்கள் மூன்றே இருந்தன; ஆட விரும்பிய மாணவரோ பலர். ஆகவே, கணினி அறையில் எல்லாரும் ஒருங்கே ஆடும் வண்ணம், இணையப் பக்கமொன்றில் அதன் போலியுருவை அமைக்க முனைந்தேன். அம்முயற்சியில் நான் கற்றதையும், நான் இழைத்த பிழையையும் ஆசிரியத் தோழர்கள் முன் வைக்கின்றேன்.

படம் வரைவதே இதில் பெரும்பணி என்று பலர் எண்ணுவர். தொடக்கத்தில் நானும் அவ்வாறே எண்ணினேன். உண்மை அதுவன்று. ஒவ்வொரு கட்டையும் எங்கே நிற்கிறது, அதன் நிறங்கள் எத்திசை நோக்குகின்றன என்னும் கணக்கே இதற்கு உயிர். படம் உடல் மட்டுமே.

முதலில் கட்டைகளை எண்ணுவோம். முனைக்கட்டைகள் 8; அவை ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம். ஓரக்கட்டைகள் 12, அவற்றிற்கு இரண்டு நிறம். முகத்தின் நடுவே நிற்பவை 6. அவற்றிற்கு ஒரே நிறம். ஆக, கட்டைகள் 26. நிறக் கட்டங்கள் 54.

ஒவ்வொரு கட்டையின் இடத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாம். இடம், நடு, வலம் ஆகியன முறையே -1, 0, 1. கீழ், நடு, மேல் என்பனவும், பின், நடு, முன் என்பனவும் அவ்வாறே. எனவே வலப்புறத்து மேல் முன் முனை (1, 1, 1) ஆகும். வலப்பக்க அடுக்கைக் கடிகார முள் செல்லும் திசையில் ஒருமுறை திருப்பினால், முதல் எண் மாறாது. மூன்றாம் எண் இரண்டாம் இடத்திற்கு வரும். இரண்டாம் எண் குறி மாறி மூன்றாம் இடத்திற்குச் செல்லும். நம் முனைக்கட்டை (1, 1, -1) ஆகிவிடும். அதாவது மேற்பக்கத்தின் பின்புறம் போய் நிற்கும். நிறங்கள் நோக்கும் திசைக்கும் இதே விதிதான். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் இதனைச் சில வரிகளில் எழுதிவிடலாம்.

இனிப் படம். இணைய உலாவி, சதுரத் தகடுகளை முப்பரிமாண வெளியில் நிறுத்திக் காட்ட வல்லது. அடுக்கைக் கால் நொடிக்குள் 0 பாகையிலிருந்து 90 பாகை வரை சுழற்றிக் காட்டினால், கையால் திருப்பியது போன்றே தோன்றும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஓரடுக்கு சுழலும்போதே பிள்ளைகள் அடுத்ததையும் தட்டிவிடுவர். அக்கட்டளையை வரிசையில் காக்க வைத்து, முதல் திருப்பம் முடிந்தபின்னரே நிறைவேற்றுதல் வேண்டும். இல்லையேல் படமும் கணக்கும் வேறு வேறாகிவிடும்.

செய்ததைச் சோதிப்பது எப்படி? ஒரே முகத்தை நான்கு முறை திருப்பினால் பழைய நிலை வரவேண்டும். வலப்பக்கம், மேற்பக்கம் என்னும் இரண்டையும் கடிகாரத் திசையில் அடுத்தடுத்துத் திருப்புவதை ஒரு சுற்று எனக் கொண்டால், 105 சுற்றில் பழைய நிலை வரவேண்டும். அதற்கு முன் வந்தாலும் பிழை; வராவிட்டாலும் பிழை. என் நிரல் இச்சோதனைகளில் தேறிற்று.

பிழை வேறிடத்தில் இருந்தது. புதிரைக் கலைத்துக் கொடுக்க, முனைக்கட்டைகளையும் ஓரக்கட்டைகளையும் குலுக்கல் முறையில் மனம்போன இடங்களில் வைத்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு வாரம் அதனோடு போராடினாள். “ஐயா, எல்லாம் சேர்ந்துவிட்டது, இந்த ஒரு கட்டை மட்டும் தலைகீழாக நிற்கிறது,” என்றாள். “எங்கோ தவறவிட்டிருப்பாய், மறுபடியும் செய்,” என்று அனுப்பினேன். மீண்டும் அதே நிலை. ஒருநாள் உண்மையான கனசதுரத்தை அவள் கையில் கொடுத்தேன். என் கண்ணெதிரே ஒழுங்காக்கிக் காட்டினாள்!

அதன் பின்னரே கணக்கை ஆராய்ந்தேன். திருப்பங்களால் ஓரக்கட்டை ஒன்றை மட்டும் புரட்ட முடியாது. முனைக்கட்டை ஒன்றை மட்டும் முறுக்க முடியாது. இரண்டே கட்டைகளை மட்டும் இடம் மாற்றவும் முடியாது. இம்மூன்று தடைகளால், பிரித்துக் கோக்கும் முறைகளில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கே தீர்வு உண்டு. அந்த ஒரு பங்கே 43,252,003,274,489,856,000 நிலைகளாம்! அவற்றுள் எதனையும் 20 திருப்பங்களுக்குள் தீர்க்கலாம் என்று 2010இல் கணினி கொண்டு நிறுவப்பட்டது. நான் அம்மாணவிக்குக் கொடுத்ததோ எத்தனை திருப்பத்தாலும் தீராத ஒன்று.

திருத்தம் எளிது. ஒழுங்கான நிலையில் தொடங்கி, முன் எழுதிய திருப்பும் விதியைக் கொண்டே 25 முறை குருட்டாம்போக்கில் திருப்பிக் கலைத்தல் வேண்டும். திருப்பிக் கலைத்ததைத் திருப்பியே சேர்க்கலாம் என்பது உறுதி.

மறுநாள் வகுப்பினர் முன்னிலையில், பிழை என்னுடையதே என்று அம்மாணவியிடம் கூறினேன். விடையில்லாத வினாவைக் கொடுத்துவிட்டு, விடை காணாத பிள்ளையைக் குறை கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அன்று முதல், எந்தப் பயிற்சித்தாளையும் நானே ஒருமுறை முழுவதும் செய்து பார்த்த பின்னரே வகுப்பிற்கு எடுத்துச் செல்கின்றேன்.