கண்டதும் கருதியதும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது முன்னோர் வாக்கு. உளவியலில் உற்றுநோக்கல் முறையைக் கையாளத் தொடங்கிய பிறகே இதன் முழுப்பொருள் எனக்கு விளங்கிற்று.

மனிதரின் நடத்தையை, அது இயல்பாக நிகழும் இடத்திலேயே முறையாகக் கண்டு குறித்துக்கொள்வதே உற்றுநோக்கல். ஆய்வாளர் தாமும் அக்குழுவில் ஒருவராகக் கலந்தால் அது பங்கேற்பு உற்றுநோக்கல். விலகி நின்றால் பங்கேற்பில்லா உற்றுநோக்கல். எத்தனை முறை என்று எண்ணுவதோடு பண்புசார் ஆய்வு நிற்பதில்லை. அச்செயலுக்கு அவர்கள் தரும் பொருள் என்ன என்றும் தேடும்.

செய்முறைப் பயிற்சிக்காக நான் தேர்ந்தெடுத்த இடம் ஒரகடம் கூட்டுச்சாலை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. பிற்பகல் ஷிப்டு மாறும் நேரம். தொழிற்சாலையிலிருந்து வந்த பெண்கள் 12 பேர் பேருந்துக்குக் காத்திருந்தனர். 9 பேர் கையில் செல்பேசி, ஒருவரோடொருவர் பேச்சில்லை. "சக தொழிலாளரிடம் ஒட்டுதல் இல்லை, தனிமையுணர்வு மிகுதி" என்று எழுதினேன். என் குறிப்பேட்டைக் கண்ட இருவர் சற்றுத் தள்ளிப்போய் நின்றனர். அதை நான் எழுதவில்லை!

பேராசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "தனிமையை எந்தக் கண்ணால் பார்த்தாய்?" என்றார்.

மறுவாரம் அடையாள அட்டையைக் காட்டி, வந்த நோக்கத்தைச் சொன்னேன். "கம்பெனி ஆளுன்னு நெனச்சோம், தங்கச்சி" என்று சிரித்தார் ஓர் அக்கா. "உள்ளே போனை விடமாட்டாங்க. எட்டு மணி நேரமும் நாங்க பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கிறோம். ஊர்ல அம்மா சாப்பிட்டாங்களான்னு கேட்க இந்தப் பத்து நிமிஷம்தான்." நான் தனிமை என்று எழுதியது உண்மையில் பாசம்!

உலகறிந்த ஆய்வொன்றும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, 14 தொழிலாளரைத் தனியறையில் வேலைசெய்ய வைத்தனர். ஓர் ஆய்வாளர் அறைக்குள்ளேயே அமர்ந்து கவனித்தார். மற்றொருவர் வெளியே அவர்களுடன் உரையாடினார். தாங்களே வகுத்த அளவு முடிந்ததும் கைவேகம் குறைந்ததையும், மிஞ்சிச் செய்பவரை மற்றவர் தடுத்ததையும் உள்ளிருந்தவர் கண்டார். கண்டதை மட்டும் நம்பினால் சோம்பல் என்போம். பேசிப் பார்த்தபோதோ, கூடுதலாகச் செய்தால் கூலிவீதம் குறையும், ஆள்குறைப்பு வரும் என்ற அச்சம் வெளிப்பட்டது. பொருளாதார மந்தத்தால் வேலை குறைந்து, முடிவில் அந்த ஆய்வே நின்றுபோயிற்று.

இப்போது என் குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாக மடித்துக்கொள்கிறேன். இடப்புறம் கண்டது, நேரத்தோடு. வலப்புறம் நான் கருதியது. என் வரவால் மாறியதும் இடப்புறத்தில் இடம்பெறும். உரியவரிடம் கேட்டுத் தெளியும்வரை வலப்புறத்தில் உள்ள எதுவும் அறிக்கைக்குள் நுழைவதில்லை. பெயரும் தொழிற்சாலையும் எந்தப் புறத்திலும் இல்லை. நம் ஒரு வரி, ஒருவரின் வேலைக்கே உலை வைத்துவிடலாம்.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை நாள்தோறும் பேருந்தில் நம்மருகே தூங்கியபடி வரும் தொழிலாளரைப் பற்றி நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். பார்ப்பது ஆய்வின் தொடக்கம். கேட்பதே அதன் நேர்மை.