‘ஸ்ட்ராங் டீ’ கற்றுத்தரும் ஆங்கிலம்

“அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ!” தமிழ்நாட்டின் எந்த டீக்கடை வாசலிலும் இந்தக் குரல் கேட்கும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவரும் இப்படித்தான் கேட்பார். ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ என்று யாரும் கேட்பதில்லை. அகராதியைப் பார்த்தால் இரண்டு சொற்களுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆனாலும் ஆங்கிலத்தில் தேநீரோடு சேர்வது ‘ஸ்ட்ராங்’, காரோடு சேர்வது ‘பவர்ஃபுல்’. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை ஆராய்ந்த மொழியியல் அறிஞர் மைக்கேல் ஹாலிடே, 1966இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டிய சொற்களும் இவைதான்.

அந்த நுட்பம் நமக்கு இலக்கணப் புத்தகம் இல்லாமலே கைவந்துவிட்டது. ‘ஸ்ட்ராங்’ என்ற சொல் நம் காதில் விழுந்தபோதே ‘டீ’யின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. பிறகு பல நாட்கள், தேவைப்பட்ட நேரத்தில் எல்லாம் நாமே அதை வாய்விட்டுச் சொன்னோம்.

ஆங்கிலம் பேச ஆசைப்படும் பலர் இதற்கு நேர்மாறான வழியில் போகிறார்கள். நோட்டின் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், நாளொன்றுக்கு ஐம்பது வீதம் மனப்பாடம். நோட்டு நிறைந்துவிடும். ஆனால் நேர்முகத் தேர்வில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டால்கூட வாய் வராது. உடனே, ‘நமக்கு ஆங்கிலம் வராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறை அவர்களுடைய மூளையில் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

எத்தனை சொற்கள் தேவை?

ஆங்கில அகராதியின் பருமனைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அன்றாடப் பேச்சில் ஐந்தில் நான்கு பங்கை, அடிக்கடி வரும் முதல் ஆயிரம் சொற்குடும்பங்களே நிரப்பிவிடுகின்றன. ‘வொர்க்’, ‘வொர்க்கிங்’, ‘வொர்க்கர்’ எல்லாம் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். நாவலையும் நாளிதழையும் பிறர் உதவியின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் குடும்பங்கள் வரை வேண்டும் என்று நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். பேச்சைப் புரிந்துகொள்ள ஆறாயிரம் முதல் ஏழாயிரம் வரை போதும் என்றார். முதல் ஆயிரத்தில் கிடைக்கும் பலன் மிகப் பெரிது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆயிரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

இந்தச் சிந்தனையின் வேர்களில் ஒன்று நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். பாடநூல்களில் அரிய சொற்கள் நெருக்கியடித்து நின்றதால் வங்காள மாணவர்கள் திணறுவதை அவர் கண்டார். அரிய சொற்களை நீக்கி, அடிக்கடி பயன்படும் சொற்களைக் கொண்டு வாசிப்பு நூல்களை உருவாக்கினார். 1953இல் அவர் வெளியிட்ட சுமார் இரண்டாயிரம் சொற்களின் பட்டியல், உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல்களுக்கு அடித்தளமானது.

சொல் தனியாக வருவதில்லை

பட்டியல் மட்டும் இருந்தால் பேச்சு வந்துவிடாது. தமிழில் டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், லைட் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். இந்த ஒரே ‘போடு’வுக்கு ஆங்கிலத்தில் முறையே ‘மேக்’, ‘வேர்’, ‘ஸ்விட்ச் ஆன்’, ‘சைன்’ என்று நான்கு வினைகள். நாம் மாத்திரை சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ‘டேக்’. நாம் கனவு காண்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘ஹேவ்’. ‘ஈட்’ என்றால் சாப்பிடு என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், ‘ஈட் மெடிசின்’ என்றுதான் சொல்வார். ‘டேக் மெடிசின்’ என்று சேர்த்தே கற்றவருக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

இதில் வேகமும் அடங்கியிருக்கிறது. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய துண்டுகள் மிகச் சில. பத்து இலக்க செல்போன் எண்ணை நாம் ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்வதும் இதனால்தான். ‘குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தட்?’ என்பதில் ஐந்து சொற்கள். ஒவ்வொன்றாகத் தேடி அடுக்கினால் மனம் களைத்துவிடும். ஒரே துண்டாகப் பதிந்திருந்தால் ஒரு மூச்சில் வந்துவிடும்.

மறதியின் கணக்கு

கற்றதைத் தக்கவைப்பது எப்படி? ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி இதை ஆராய்ந்தார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போனது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போனது. முதல் நாளிலேயே 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே பெற்றார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளிவிட்டுப் படிப்பது சிக்கனமானது என்பதற்கு இது சான்று.

அடுத்த பாடம் 2008இல் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் சிலரைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து சொல்லச் செய்தார்கள். வேறு சிலர் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் பிரிவினருக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. இரண்டாம் பிரிவினருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நோட்டைப் புரட்டிப் பார்ப்பதைவிட, நோட்டை மூடிவிட்டு நினைவுகூர்வதே சொல்லை மனத்தில் ஊன்றுகிறது.

இடைவெளி, நினைவுகூர்தல் இரண்டையும் இணைக்கும் எளிய கருவி ஒன்றை 1972இல் செபாஸ்டியன் லைட்னர் பரப்பினார். அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். அட்டைகளை வைக்கப் பல அறைகள் கொண்ட ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும், மறுநாள் அதைப் பார்க்க வேண்டும். செருப்புப் பெட்டி ஒன்றும் பழைய அழைப்பிதழ்களும் போதும், வேறு செலவில்லை.

இன்றே தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தொடர்கள், அவையும் உங்கள் கடையிலோ வகுப்பிலோ வீட்டிலோ உண்மையில் தேவைப்படுபவையாக இருக்கட்டும். தனிச்சொல்லை எழுதாதீர்கள், துணையோடு எழுதுங்கள். மறுநாள் நோட்டை மூடிவிட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை திரும்பச் சொல்லுங்கள். தவறினால் வெட்கப்படாதீர்கள். டீக்கடையில் யாரும் கூச்சப்பட்டுக்கொண்டு ஆங்கிலம் கற்கவில்லை.