தேங்காய் நிமிர்கிறது, நிமிர்த்துவது யார்?

எங்க ஊர்ப் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் நடக்கிற முதல் வேலை, நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வருவது. உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க மெதுவா நடப்பார். ஏதோ ஓர் இடத்தில் தேங்காய் சட்டென்று குடுமி மேலே வர நிமிர்ந்து நிற்கும். அங்கே கல்லை நட்டு மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார்கள்.

சித்தப்பா தோட்டத்திலும் அப்படித்தான் கல் நட்டார்கள். சித்தி நகையை அடகு வைத்து ரிக் வண்டியைக் கூப்பிட்டார். 600 அடி போயும் வெறும் புழுதிதான் பறந்தது. "வண்டிக்காரன் ரெண்டடி தள்ளி நிறுத்திட்டான்" என்றார் நீரோட்டம் பார்த்தவர். சித்தப்பா அதையும் நம்பி, இரண்டாவது இடம் பார்க்கவும் அவரையே கூப்பிட்டார்.

நானும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். தேங்காய் நிமிர்ந்தது உண்மை. அந்த மனிதர் ஏமாற்றுக்காரரும் இல்லை. வெற்றிலை பாக்குக்கு மேல் அதிகமா எதுவும் வாங்கவில்லை. அப்படின்னா தேங்காய் ஏன் நிமிர்ந்தது? இதைத் தேடிப் போனபோது கிடைத்தவைதான் இந்தக் குறிப்பு.

மேசையைச் சுற்றியது யார்?

1853-இல் லண்டனில் ஒரு பைத்தியம் பரவியிருந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கைகளை மேலே லேசா வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நகரும், சுற்றும். ஆவி என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். "நாங்க தள்ளவே இல்லை" என்று உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

மின்சார ஆராய்ச்சியில் அன்றைக்குப் பெரிய பெயரான மைக்கேல் ஃபாரடே இதைச் சோதித்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நழுவக்கூடிய மெல்லிய பசையால் ஒட்டி, மேசைக்கும் கைக்கும் நடுவே வைத்தார். மேசை தானா நகர்ந்தால், அடி அட்டை முன்னால் போயிருக்க வேண்டும், மேல் அட்டை பின்தங்கியிருக்க வேண்டும். கை தள்ளினால் நேர்மாறு. பிரித்துப் பார்த்தபோது மேல் அட்டைகள்தான் முன்னால் போயிருந்தன. கைதான் தள்ளியிருக்கிறது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கை துளி நகர்ந்தாலும் அசைந்து காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தி, உட்கார்ந்தவர்களையே அதைப் பார்க்கச் சொன்னார். முள் கண்ணில் பட்டதும் மேசை நகர்வது நின்றுவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் கை தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனம் எதிர்பார்ப்பதை உடம்பு நமக்குத் தெரியாமலே செய்வதற்கு, அதற்கு முந்தைய ஆண்டே வில்லியம் கார்பெண்டர் என்ற மருத்துவர் 'ஐடியோமோட்டார்' என்று பெயர் வைத்திருந்தார்.

இதை நீங்க வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பிடியுங்க. கையை ஆட்டாதீங்க. மோதிரம் முன்னும் பின்னும் ஆடுவதாக மனசில் மட்டும் நினையுங்க. பெரும்பாலானவர்களுக்கு ஆட ஆரம்பித்துவிடும். சித்தப்பாவிடம் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகவே ஆடியது. "நான் ஆட்டலடா தம்பி" என்றார். "அதையேதானே அவரும் சொன்னார், சித்தப்பா" என்றேன்.

கையில் படுத்திருக்கும் தேங்காய்க்கு விரல்களின் சின்னச் சாய்வே போதும். கவட்டைக் குச்சியை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கும்போது அது வில் மாதிரி இறுகியிருக்கும், மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலே வெடுக்கென்று இழுக்கும். எல் வடிவக் கம்பியோ கீல் போட்ட கதவு மாதிரி, கொஞ்சம் சாய்த்தால் தானாகச் சுழலும். எல்லாமே கையின் சின்ன அசைவைப் பெரிசாக்கிக் காட்டும் பொருட்கள்.

கை அசைந்தால் என்ன, தண்ணீர் கிடைத்தால் போதாதா?

நியாயமான கேள்வி. உடம்பு தண்ணீரை உணர்ந்து கையை அசைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமே? அதையும் சோதித்துவிட்டார்கள்.

1990-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஒரு வயலில் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் குழாயைப் புதைத்தார்கள். குழாய் இருக்கும் இடம் மேலே அடையாளம் போடப்பட்டிருந்தது. அதில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். சுமார் 30 பேர் வந்தார்கள். சோதனை நியாயமானது என்று முன்கூட்டியே கையெழுத்தும் போட்டார்கள். முடிவு, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிட மேலாக இல்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் மியூனிக்கில் நடந்தது இன்னும் பெரிசு. சுமார் 500 பேரிலிருந்து திறமைசாலிகள் என்று 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் தரைத்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். மாடியில் நடந்தபடி அது எங்கே என்று சொல்ல வேண்டும். இப்படி 843 முறை. சிலருக்கு உண்மையான திறன் இருக்கிறது என்று ஆய்வை நடத்தியவர்கள் முடிவு சொன்னார்கள். ஆனால் அதே எண்களை ஜிம் என்ரைட் என்ற விஞ்ஞானி திரும்ப அலசியபோது, ஒரு முறை நன்றாகச் சொன்னவரே அடுத்த முறை கோட்டைவிட்டிருந்தார். தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய சிதறல்தான் இருந்தது என்று 1999-இல் எழுதினார்.

அப்படின்னா ஊரில் அவர்கள் சொன்ன இடத்தில் தண்ணீர் வருகிறதே? பூமிக்கடியில் ஆறு மாதிரி ஓடும் நீரோட்டம் என்பது பெரும்பாலும் நம் கற்பனை. தண்ணீர் மண்ணின் துளைகளிலும், சிதைந்த பாறையிலும், பாறை வெடிப்புகளிலும் தேங்கியிருக்கிறது. வண்டல் நிலத்தில் பல இடங்களில் எங்கே தோண்டினாலும் வரும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதி. அங்கே வெடிப்பில் விழுந்தால் தண்ணீர், தப்பினால் புழுதி.

இன்னொரு காரணம் நம் ஞாபகம். சித்தப்பாவின் இரண்டாவது போரில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஊரில் இன்றைக்கும் பேசுவது அதைத்தான். முதல் போரை மூடி வைத்த கல் மட்டும் அங்கே கிடக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போச்சு?

சித்தப்பாவுக்கு நகை போனது. ஈராக்கில் உயிர்கள் போயின. ஏடிஇ 651 என்ற பெயரில் ஒரு வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியை, ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் அந்த நாட்டு அரசுக்கு ஆயிரக்கணக்கில் விற்றார். ஒரு கைப்பிடி, அதில் சுழலும் ஓர் ஆன்டெனா, உள்ளே ஒன்றும் கிடையாது. தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேடித் தருவதாக விற்ற ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்தது அது. சோதனைச் சாவடிகளில் வீரர்கள் அதை நம்பிப் பிடித்து நின்றார்கள், வெடிகுண்டு வண்டிகள் தாண்டிப் போயின. 2013-இல் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகும் கருவி பயன்பாட்டில் இருந்தது. 2016 ஜூலையில் பாக்தாத் கர்ராடா குண்டுவெடிப்பில் 300 பேருக்கு மேல் இறந்த பிறகுதான் அதைக் கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது.

விற்றவர் மோசடிக்காரர். ஆனால் சாவடியில் நின்ற வீரர்? ஆன்டெனா திரும்பியதை அவர் கண்ணால் பார்த்தார். நம்ம ஊர்த் தேங்காய்க்காரர் மாதிரிதான். ஒருவர் நேர்மையானவர் என்பதற்காக அவர் கையில் இருப்பது வேலை செய்யும் என்று ஆகிவிடாது.

அதனால் யாரையும் திட்ட வேண்டாம், சண்டையும் வேண்டாம். அடுத்த முறை உங்கள் நிலத்தில் தேங்காய் நிமிர்ந்தால், அந்த இடத்தை நீங்க மட்டும் மனசில் குறித்துக்கொள்ளுங்க, கல் நட வேண்டாம். அவர் கண்ணைக் கட்டி, திசை தெரியாமல் நாலு சுற்று சுற்றிக் கூட்டிவந்து, திரும்ப நடக்கச் சொல்லுங்க. அதே இடத்தில் நிமிர்கிறதா பாருங்க. ஐந்து முறை செய்தால் போதும். நிலத்தில் நான்கு கம்பி நட்டு மின்தடை அளந்து பார்க்கிற முறையும் இருக்கிறது. அதுவும் சில நேரம் தப்பும். ஆனால் அங்கே அளந்த எண்கள் காகிதத்தில் இருக்கும். தப்பினால், ஏன் என்று திரும்பப் பார்க்க ஒரு வழி உண்டு.

நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்த ஒரு மணி நேரம் செலவழிப்பது நஷ்டமில்லை.