பாஸ் வாங்கலாமா? டீ ஆறுவதற்குள் ஒரு கணக்கு

கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள வட்டக்கோட்டையின் மதில்மேல் ஏறி, ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையையும் பார்த்துவிட்டு இறங்கி வருகிற வெளியூர்க்காரர்கள் டீயைக் கையில் வாங்கியதும் கேட்கிற கேள்வி இது: "அண்ணாச்சி, நாள் முழுக்கப் பஸ்ஸுல சுத்துறதுக்கு ஒரே பாஸா ஏதும் உண்டா? வாங்கினா லாபம்தானா?"

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அது கன்னியாகுமரிக்கும் பொருந்தும், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பொருந்தும். ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

முதலில் பாஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இனிமேல் செய்யப்போகிற பயணங்களுக்கெல்லாம் இப்போதே மொத்தமாகப் பணம் கட்டிவிடுவதுதான் பாஸ். ஓட்டலில் முழுச்சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்குவது மாதிரி. நன்றாகப் பசித்தவருக்கு அது லாபம்; இரண்டு இட்லி போதும் என்பவருக்கு நஷ்டம். வருகிறவர்கள் சராசரியாக எவ்வளவு பயணம் செய்வார்கள் என்று பார்த்துத்தான் பாஸுக்கு விலை வைக்கிறார்கள். அந்தச் சராசரியைவிட நீங்கள் அதிகம் அலைபவரா, குறைவாக அலைபவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் பாஸின் விலையைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் நாளைக் காகிதத்தில் எழுத வேண்டும்.

நம் மாவட்டத்தையே வைத்து எழுதிப் பார்ப்போம். கன்னியாகுமரியில் தங்கியிருக்கிறீர்கள். காலையில் கிளம்பி சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், அங்கிருந்து நாகர்கோவில், பிறகு தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனை. திரும்பி வந்து, மாலையில் வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். சுசீந்திரம் அந்த வழியிலேயே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை சுமார் 16. போக 36, வர 36. வட்டக்கோட்டைக்கு ஏழு, திரும்ப ஏழு. மொத்தம் 86 கிலோமீட்டர்.

2018 ஜனவரியில் அரசுப் பேருந்துக் கட்டணம் உயர்ந்ததும், எதிர்ப்பு எழுந்து அந்த மாதக் கடைசியிலேயே கொஞ்சம் குறைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்கு வைத்த கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. 86 கிலோமீட்டருக்கு அது 50 ரூபாய் வருகிறது. கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் போவதாலும், நாம் நடுவில் இறங்கி ஏறுவதாலும், ஒன்றிரண்டு இடத்தில் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவதாலும் இன்னும் கொஞ்சம் கூடும். கூட்டிப் பார்த்தாலும் ஓர் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆக, இந்த நாளுக்கு யாராவது நூறு ரூபாய்க்கு மேல் ஒரு பாஸை நீட்டினால் அது உங்களுக்குத் தேவையில்லை. கண்டக்டரிடம் அவ்வப்போது டிக்கெட் எடுத்தாலே போதும்.

கணக்கு இதோடு முடியவில்லை. உங்களோடு வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் என்று அதற்குப் பெயர். திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தச் சலுகை உண்டு. கண்டக்டர் ஒரு கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். அப்பா, அம்மா, பாட்டி, நான்கு வயதுப் பையன் என்று ஒரு குடும்பம் வந்தால், டவுன் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டியவர் அப்பா ஒருவர்தான். எக்ஸ்பிரஸில் ஏறினால் மூன்று பெரியவர்களுக்கும் டிக்கெட் உண்டு. கொஞ்சம் பொறுமையாக டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பெண்கள் இருவருக்கும் செலவே இல்லை. ஆளுக்கொரு பாஸ் என்று மொத்தமாக வாங்குகிற குடும்பங்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். இலவசமாகக் கிடைப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்து, அந்த நாள் உங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. சுசீந்திரம் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் போகிற படகு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தினுடையது. அதற்குச் சீட்டும் வரிசையும் தனி. பஸ் பாஸைப் படகில் காட்ட முடியாது. விடுமுறை நாளில் அந்த வரிசையிலேயே பாதிப் பகல் போய்விடும். நாள் முழுக்க எத்தனை பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று பாஸில் அச்சடித்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் ஒரு நாளில் நிம்மதியாகப் பார்க்கக்கூடிய இடம் மூன்று, மிஞ்சினால் நான்கு. கணக்கை அதற்குத் தகுந்தாற்போல்தான் போட வேண்டும்.

வட்டக்கோட்டை மாதிரி ஓர் இடத்துக்கு வரும்போது இன்னொன்றும் புரியும். நாகர்கோவில் சாலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். கோட்டைப் பக்கம் அப்படியில்லை. காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அஞ்சுகிராமம் சாலைவரை வந்து பிடிக்க வேண்டும். அவசரமென்றால் ஆட்டோதான். பாஸ் கையில் இருப்பதால் பஸ் சீக்கிரம் வந்துவிடாது. எங்கே வண்டிகள் அடிக்கடி ஓடுகின்றனவோ, எங்கே ஏறி இறங்குவது சிரமமில்லையோ, அங்கேதான் பாஸுக்கு மதிப்பு. வண்டி குறைவான இடத்தில், பாஸுக்குக் கட்டும் பணத்தை ஒரு தடவை ஆட்டோவுக்குக் கொடுத்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஊர் பார்க்க வந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

அப்படியானால் பாஸ் எங்கே பயன்படும்? பெங்களூருக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே மாநகரப் பேருந்தில் ஒருநாள் பாஸ் 2025 ஜனவரியிலிருந்து 80 ரூபாய். ஒரு பயணத்துக்குச் சராசரி 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறாவது பஸ்ஸில் ஏறும்போது லாபம் தொடங்கும். மெஜஸ்டிக்கில் தங்கி லால்பாக், மல்லேஸ்வரம் என்று மாறி மாறி ஏறுகிறவருக்கு ஆறு பஸ் பெரிய விஷயமில்லை. அங்கும் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. ஆனால் சக்தி என்ற அந்தத் திட்டம் கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். இங்கே இலவசமாக வந்த அம்மாவும் பாட்டியும் அங்கே காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். குடும்பம் அதேதான், ஊர் மாறியதும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

சென்னை மெட்ரோவில் 2021 பிப்ரவரிக்குப் பிறகு அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். 100 ரூபாய்க்கு ஒருநாள் சுற்றுலா அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 50 ரூபாய் முன்பணம் தனி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். நீண்ட தூரம் இரண்டு தடவை போனால் அட்டைக் காசு சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் மொபைல் க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. அப்போது 50 ரூபாய்ப் பயணம் 40 ஆகிறது. இரண்டு தடவைக்கு 80 ரூபாய்தான். மூன்றாவது நீண்ட பயணம் இருந்தால்தான் அட்டை ஜெயிக்கும். ஆகவே பாஸை முழுக் கட்டணத்தோடு ஒப்பிடாதீர்கள். பாஸ் இல்லாமல் போனால் உண்மையில் எவ்வளவு கொடுப்பீர்களோ, அந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், தொகைதான் பெரிது. சிங்கப்பூரில் ஒருநாள் சுற்றுலாப் பாஸ் 2024இல் 17 வெள்ளி. எம்.ஆர்.டி. ரயிலில் ஒருமுறை ஏறி இறங்க இரண்டு வெள்ளி என்று தாராளமாகவே வைத்தாலும், ஒன்பது முறை ஏறினால்தான் பாஸ் கட்டுப்படியாகும். லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டு, மெரினா பே போய், இரவு திரும்புகிறவர் ஒன்பது முறை ஏறமாட்டார். வங்கி அட்டையையே அங்கே வாசலில் தட்டிவிட்டுப் போகலாம். ஜப்பானில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போய்வர ஏறத்தாழ 28,000 யென். பழைய விலையில் இந்தப் பயணத்தோடு இன்னும் ஒரு சிறு பயணம் சேர்ந்தாலே பாஸ் லாபம். இப்போது இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலைந்தால்தான் லாபம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் போய்வந்த சொந்தக்காரர் "கண்டிப்பா பாஸ் எடுத்துரு" என்று சொன்னால், அவர் அன்றைக்குச் சரியாகத்தான் செய்தார். ஆனாலும் இன்றைய விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

லண்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கும் நம் மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சொந்தமாகப் பேருந்துத் துறையைத் தொடங்கியது. அன்று குமரி மண்ணும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்தத் துறையை நடத்த லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த ஈ. ஜி. சால்டர் என்பவரை வரவழைத்தார்கள். அந்த லண்டனில் இன்று பயணி பாஸ் கணக்கே போட வேண்டியதில்லை. அட்டையைத் தட்டி ஏறினால் 2025 நிலவரப்படி பஸ் கட்டணமாக 1.75 பவுண்டு கழியும். ஒரே நாளில் 5.25 பவுண்டைத் தொட்டதும் கழிப்பது நின்றுவிடும். அதாவது மூன்று கட்டணத்துக்குப் பிறகு அன்றைக்குப் பஸ் இலவசம். நாள் உச்சவரம்பு என்கிற இந்த ஏற்பாடு இருக்கிற ஊரில் முன்கூட்டி எதையும் வாங்காதீர்கள். குறைவாக அலைந்தால் குறைவாகக் கொடுப்பீர்கள், அதிகம் அலைந்தாலும் வரம்புக்கு மேல் போகாது. பயணிக்கு மிக நியாயமான முறை இதுதான். கன்னியாகுமரி மாதிரி லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகிற ஊர்களில், சுற்றுலாப் பாஸ் அச்சடிப்பதைவிட இப்படி ஒரு வரம்பைக் கொண்டுவருவது எல்லோருக்கும் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுற்ற வந்தவருக்கும் உதவும், தினமும் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரருக்கும் உதவும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல். வெளிநாட்டினருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் இருந்த இண்ட்ரெயில் பாஸை ரயில்வே 2017இல் நிறுத்திவிட்டது. ஆனால் எல்லோருக்குமான சுற்றுப்பயணச் சீட்டு உண்டு. கிளம்பிய நிலையத்திலேயே பயணம் முடிய வேண்டும். வழியில் எட்டு இடம்வரை இறங்கித் தங்கலாம். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான விகிதம் குறையும் என்பது ரயில் கட்டண முறை. தனித்தனியாகச் சீட்டு எடுப்பதைவிட மொத்தத் தூரத்துக்கும் ஒரே சீட்டு எடுத்தால் அந்தக் குறைவு உங்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பதிவு மட்டும் தனியாகச் செய்ய வேண்டும். மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் என்று வளைத்து வருகிறவர்கள் பெரிய நிலையத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, எந்த ஊரானாலும் பாஸ் விற்கிற ஜன்னலில் காசை நீட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒருநாள் என்றால் 24 மணி நேரமா, அல்லது நள்ளிரவோடு முடிகிறதா? பிற்பகல் மூன்று மணிக்கு வாங்குகிறவருக்கு இது மிக முக்கியம். எந்தெந்த வண்டிக்குச் செல்லும், ஏ.சி. பஸ், எக்ஸ்பிரஸ், விமான நிலைய வண்டி உண்டா? முன்பணம் எவ்வளவு, அதை எங்கே திருப்பித் தருவார்கள்? பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஏற்கெனவே இருக்கும் சலுகை பாஸிலும் உண்டா?

நான்குக்கும் பதில் திருப்தியாக இருந்து, காகிதத்தில் எழுதிய தொகையைவிடப் பாஸ் மலிவாகவும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தாலும் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் சில்லறை தேடுகிற தொல்லையும், தெரியாத ஊரில் ஸ்டாப் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டிய தடுமாற்றமும் மிச்சம். ஆனால் பாஸ் வாங்கிவிட்டோமே என்பதற்காக ஓர் இடம்கூட அதிகமாகப் போகாதீர்கள். கன்னியாகுமரி வட்டாரத்தில் ஒருநாள் சுற்ற வருகிறவர்களுக்கு என் முடிவு இது: பாஸைத் தேட வேண்டாம், பத்து ரூபாய்த் தாள்களாக நூறு ரூபாய் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமையைத் தவிருங்கள்.