கபத்தின் சாட்சியம்

காறித் துப்பிய கோழையைத் திரும்பிப் பார்ப்பதே அநாகரிகம் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆயினும் சுவாசாசயத்தின் உள்ளே நடப்பதை வெளியே வந்து உரைக்கக்கூடிய சாட்சி அதைப்போல் வேறொன்று இல்லையாகையால், வாரக்கணக்கில் இருமுகின்ற ஒருவர் அதைத் தண்ணீர் ஊற்றி அலம்பிவிடுமுன் சற்றே உற்று நோக்குவதில் யாதொரு வெட்கமும் இருக்க வேண்டியதில்லை.

ஆரோக்கியமான தேகத்திலும் கபம் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. மூச்சோடு உட்செல்லும் தூசியையும் கிருமிகளையும் பற்றிக்கொண்டு, சுவாசக் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாது மேல்நோக்கித் தள்ள, தொண்டை வரையில் வந்து, நாம் அறியாமலே வயிற்றில் இறங்கிவிடும் அந்தத் தெளிந்த திரவம், வியாதி கண்டபோதுதான் கெட்டிப்பட்டு நிறம் மாறுகிறது. பச்சையும் மஞ்சளுமாக வருவதைக் கண்டு பலர் கலங்கிப்போகிறார்கள். கிருமிகளோடு போரிட வந்த வெள்ளை அணுக்களில் இயல்பாகவே உள்ள பச்சை நிற நொதி ஒன்றுதான் அதற்குக் காரணம். சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் அது உண்டாகுமாதலால், நிறத்தை மட்டும் கண்டு மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவது வியர்த்தம். துருவின் நிறத்தில் வந்து, கடும் ஜுரமும் மார்பில் குத்தலும் சேர்ந்தால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக நுரைத்து வந்து மூச்சுத் திணறினாலோ, இருதயம் பலவீனமுற்று நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கக் கூடுமாகையால், ஒரு க்ஷணமும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

நான் எல்லாவற்றிலும் அதிகமாக வற்புறுத்த விரும்புவது டி.பி. எனப்படும் க்ஷயரோகத்தைப் பற்றித்தான். 1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் அதன் கிருமியை உலகுக்கு அறிவித்த நாள்முதல், அதைக் கண்டுபிடிப்பதற்குக் கபத்தைப் பரிசோதிப்பதே முக்கிய மார்க்கமாக இருந்து வருகிறது. இந்த வியாதியில் நிறம் நம்மை ஏமாற்றிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலும், அதனுடன் மாலை ஜுரமோ, இரவு வியர்வையோ, உடல் மெலிவோ, கோழையில் ஒரு கீற்று இரத்தமோ தென்பட்டாலும் பரிசோதனை அவசியம்.

கபத்தைக் கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. ஆஸ்பத்திரியில் மூடியுள்ள சிறு டப்பா ஒன்று தருவார்கள். காலையில் எழுந்தவுடன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, பிறர் அருகில் இல்லாத திறந்தவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, அடிமார்பிலிருந்து இருமி வரவழைத்ததையே அதில் துப்ப வேண்டும். கூச்சத்தினால் வாயிலுள்ள எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் அநேகர், பெண்கள் விசேஷமாக. அந்த எச்சிலில் கிருமி இல்லை என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்துவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். யாருடைய தயவும் வேண்டாமல் கேட்டுப் பெறலாம். சில மணி நேரத்திலேயே கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற க்ஷயரோக மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும் யந்திரங்கள் இப்போது உள்ளன. டி.பி.யைக் கண்டறிவதாகச் சொல்லி விற்கப்பட்ட இரத்த ஆன்டிபாடி சோதனைகளை இந்திய அரசாங்கம் 2012-இல் தடை செய்துவிட்டதால், அவற்றுக்காக எவரேனும் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். தனியார் வைத்தியரும் நோயாளியின் விவரத்தை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவ்வாறு பதிவானவருக்குப் போஷாக்குக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது வங்கிக் கணக்கில் வந்து சேராவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் முறையிடலாம்.

வியாதி ஊர்ஜிதமானால் குடும்பத்தை விட்டுப் பிரிந்து சானடோரியத்தில் கிடக்க வேண்டுமோ என்ற பழைய பயம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்பவர்களும் சானடோரியத்தில் உள்ளவர்களைப்போலவே குணமடைகிறார்கள் என்று, சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் 1959-லேயே உலகுக்கு நிரூபித்துக் காட்டிற்று. சாதாரணமாக ஆறு மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கிப் பசி எடுத்ததும் நிறுத்திவிடுகிறவரிடத்தில் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். மருந்தினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் செய்யும் வேலை, அதனால் தீங்கில்லை. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வசிக்கும் யாவரும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள். வியாதி இல்லை என்று தெரிந்தால் அவர்களுக்குத் தடுப்பு மருந்தும் இலவசமாகவே கிடைக்கும். ஆஸ்பத்திரியில் தாமாகச் சொல்லாவிட்டால், நோயாளியின் வீட்டார் அதைக் கேட்டே வாங்கிக்கொள்ள வேண்டும்.